வலது தோளில் ஒரு குதிகால்

வெறுங்கால் ஒன்று தோளில் வந்து அழுந்தும்போது முதலில் தெரிவது கனம் அல்ல, சொரசொரப்பு. கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறதே, அந்த இடத்தில் செம்மண்ணும் பொடிக்கல்லும் ஒட்டிய ஒரு சின்னக் குதிகால் வந்து உட்காரும். சட்டைத் துணி தோலோடு சேர்ந்து அரைபடும். அதற்கப்புறம்தான் கனம் முதுகு வழியாக இடுப்புக்கும், இடுப்பிலிருந்து முட்டிக்கும் இறங்கும். என் வலது தோளுக்கு அந்தச் சொரசொரப்பு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அது கலைச்செல்வியின் இடது கால். அவள் அப்போது ஆறாம் வகுப்பு, நான் ஒன்பதாம் வகுப்பு.

நான் அடியில் நின்றவள். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். இப்போது ஒரகடம் பக்கம் இரண்டு தனியார் பள்ளிகளில் பெண்பிள்ளைகளின் ‘சியர்’ அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். விளையாட்டு விழா அன்று ஓரமாக நின்று கோஷம் போட்டு, குதித்து, ஒருத்தி தோள்மேல் ஒருத்தி ஏறி நின்று தன் பள்ளியை உசுப்பேற்றும் அணி. அதில் பிள்ளையைச் சேர்க்க வரும் ஒவ்வொரு அப்பா அம்மாவும் “எங்க பொண்ணு மேல நிக்கணும் மேடம்” என்று கேட்கிறார்கள். இதுவரை ஒருவர்கூட, என் பெண்ணைக் கீழே நிறுத்துங்கள் என்று கேட்டதில்லை. மேலே நிற்பவள்தான் போட்டோவில் விழுவாள், சரி. ஆனால் கீழே நிற்பவள் ஒரு விரற்கடை நகர்ந்தால் போட்டோவே இல்லை. இது இவர்களுக்குத் தெரியாது. எனக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது.

எங்கள் பள்ளி பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டி, ஏரிக்கரைக்குக் கீழே இருந்த அரசுப் பள்ளி. கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. மைதானத்தின் சுவருக்கு அந்தப் பக்கம், போன வருஷம்வரை வேர்க்கடலை போட்ட நிலத்தில் ஜேசிபி ஓடும். காற்று திரும்பினால் டயர் கம்பெனியின் ரப்பர் நாற்றம் வகுப்புக்குள் வந்து உட்காரும். அப்படி வந்த ஒரு கம்பெனிதான் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் விளையாட்டு விழா நடத்தப்போவதாகச் சொன்னது. கபடிக்கும் ஓட்டத்துக்கும் ஆள் அனுப்புவதோடு ஒவ்வொரு பள்ளியும் ஒரு ‘சியர் டீம்’ கொண்டுவர வேண்டுமாம். கிரிக்கெட் நடக்கும்போது டிவியில் குட்டைப் பாவாடை போட்டுக்கொண்டு ஆடும் வெள்ளைக்காரப் பெண்களைத் தவிர அப்படி ஒன்றை நாங்கள் கண்டதில்லை. கம்பெனி ஆபீசர் ஒருவர் லேப்டாப்பில் ஏதோ வெளிநாட்டுப் பள்ளியின் வீடியோவைப் போட்டுக் காட்டினார். பாவாடையின் நீளத்தைப் பார்த்த தலைமையாசிரியை பாதியிலேயே மூடச் சொல்லிவிட்டார். அந்தப் பாதிக்குள் நான் ஒன்றைக் கவனித்துவிட்டேன்: அடியில் நின்ற பெண்கள், மேலே நின்றவளின் கால்களைக் கையால் இறுகப் பிடித்திருந்தார்கள்.

பள்ளியில் பி.டி. டீச்சர் கிடையாது. அந்த இடம் காலியாகவே இருந்தது. கணக்கு சார்தான் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு அதையும் பார்த்தார். நல்ல மனுஷர், ஆனால் யார் எது கேட்டாலும் சரி என்பார். அவர் என்னைக் கூப்பிட்டு, “பவானி, உனக்குத்தான் தொண்டை இருக்கு, உடம்பும் இருக்கு, நீயே பார்த்துக்க” என்றார். என் உடம்புக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த பெயர் ‘ரோடு ரோலர்’. அதற்காக நான் அடித்த அடியில் ஒருத்தன் பல்லே ஆடியது. அப்படிப்பட்ட என்னிடம் ஒரு கூட்டத்தைக் கட்டி மேய்க்கிற வேலையைக் கொடுத்தார்.

மேய்ப்பது என்பது சும்மா இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு இடத்தில் நிற்காது. ஒன்று தண்ணீர் என்னும், ஒன்று பாத்ரூம் என்னும், ஒன்று ஐஸ் வண்டி மணி கேட்டால் சுவர் ஏறிக் குதிக்கப் பார்க்கும். பெரிய வகுப்புக்காரிகளோ, விழுகிற சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தே அதை அழ வைப்பார்கள். அழுத பிள்ளை மறுநாள் வராது. அதனால் நான் ஒரு சட்டம் போட்டேன்: விழுந்தவளைப் பார்த்து யார் சிரிக்கிறாளோ அவள்தான் அடுத்து ஏற வேண்டும். சிரிப்பு அன்றைக்கே நின்றது. அப்புறம் ஏறுவதற்கு முன்னால் குதிப்பதைக் கற்றுக்கொடுத்தேன், முட்டியை மடக்கி, கையை ஊன்றாமல், பூனை மாதிரி. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கோபக்காரிக்கு, பிள்ளைகள் எதற்குப் பயப்படும் என்பது நன்றாகத் தெரியும். அந்தச் சட்டத்தையும் அந்தக் குதிக்கிற பாடத்தையும் இன்றுவரை மாற்றவில்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. கம்பெனி வேலைக்காகத் தெற்கேயிருந்து குடும்பத்தோடு வந்து, எங்கள் ஊர் வாடகை வீடுகளில் தங்கியவர்களின் பிள்ளைகளும் எங்கள் பள்ளியில்தான் படித்தார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு எங்கள் பிள்ளைகள் சிரிக்கும்; எங்கள் ‘இன்னா’வைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் என் வகுப்பு இசக்கியம்மாள்தான் பெரிய வாய். நாங்குநேரிப் பக்கத்துக்காரி, ஒல்லிதான், ஆனால் கை இரும்பு. அணியின் கோஷத்தை நான் கட்டியபோது சண்டையை ஆரம்பித்தது அவள்தான். ஒருத்தி “எந்த ஊரு?” என்று கேட்க, எல்லோரும் “இந்த ஊரு” என்று கத்த வேண்டும், அவ்வளவுதான் கோஷம்.

“எனக்கு இந்த ஊரு இல்லட்டி. நான் எதுக்கு இந்த ஊருன்னு கத்தணும்?”

“சோறு எங்கடி துன்ற?”

“இங்கதான்.”

“அப்போ கத்து.”

கத்தினாள். எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக.

கையில் ஆட்டுவதற்குக் குஞ்சம் வேண்டும். என் அம்மா வேலை பார்த்த கம்பெனியில் பார்ட்ஸ் சுற்றி வரும் நீலக் கவர்களைக் கேட்டு வாங்கிவந்தாள். அவற்றை நீளநீளமாகக் கிழித்துக் குச்சியில் கட்டினோம். எல்லோரும் சேர்ந்து ஆட்டினால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி சத்தம் வரும். நடுவில் ஒரு தூக்கல். நானும் என் பெரியம்மா மகள் சுதாவும் தோளோடு தோள் ஒட்டிக் குந்தியிருப்போம். எங்கள் தொடையில் கால் வைத்து ஒரு சின்னப் பெண் ஏறி, என் வலது தோளில் ஒரு காலும் சுதாவின் இடது தோளில் ஒரு காலுமாக நிற்பாள். நாங்கள் மெதுவாக எழுந்திருப்போம். விழுந்தால் பிடிக்கப் பின்னால் இசக்கி. மேலே நிற்பவள் அங்கிருந்து “எந்த ஊரு?” என்று கேட்க வேண்டும். கீழே நாங்கள் கையை எங்கே வைப்பது என்று கேட்டபோது கணக்கு சார், “இடுப்புல வெச்சுக்கோங்க” என்றார். வீடியோவில் காலைப் பிடித்திருந்தார்களே என்றேன். “அது அவங்க பழக்கம்மா. நம்ம ஊர்ல ஒருத்தி கால இன்னொருத்தி கையில புடிச்சிக்கிட்டு நின்னா நல்லா இருக்காது” என்றார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. கால் என்பது கையால் பிடிக்கிற பொருளா.

மேலே நிற்க ஆள் பார்க்க, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருத்தியையும் இடுப்பைப் பிடித்து நானே தூக்கிப் பார்த்தேன். தூக்கியதும் ஒருத்தி காலை உதறினாள், ஒருத்தி கூச்சம் என்று நெளிந்தாள், ஒருத்தி என் முடியைப் பிடித்துக்கொண்டாள். கலைச்செல்வியைத் தூக்கியபோது அவள் பலகை மாதிரி விறைத்து நின்றாள், மூச்சுகூட இழுத்துப் பிடித்தபடி. தொளதொளவென்று தொங்குகிற பிள்ளை எடை குறைவாக இருந்தாலும் கனக்கும். விறைத்து நிற்கிற பிள்ளை கனக்காது. எங்கள் ஊர் காலனியிலிருந்து வருகிறவள். பேசமாட்டாள். உயரம் என்றால் அவளுக்குப் பயமே இல்லை.

ஆனால் விழுந்துகொண்டே இருந்தாள். தொடையில் கால் வைப்பாள், என் தோளுக்கு ஏறுவாள், சுதாவின் தோளுக்கு அடுத்த கால் போகும். அந்த நேரம் பார்த்துச் சட்டென்று குனிந்து என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அப்புறம் சுதாவின் தோளை. இரண்டாவது ஒற்றலுக்குள் உடம்பு சாய்ந்துவிடும். இசக்கி மேல் மூட்டையாகப் போய் விழுவாள். யார்மேலாவது கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். அதை இவள் தலை உயரத்தில் நின்றுகொண்டு செய்தாள்.

“இன்னாடி பண்ற? மேல ஏறி சாமி கும்புடறியா?”

“கால் பட்டுதுக்கா.”

“பட்டாத்தான்டி ஏற முடியும். பறந்தா போவ?”

தரையிலேயே எல்லோரையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறச் சொன்னேன். கும்பிட்டாள். ஏறினாள். மறுபடியும் குனிந்தாள். கையில் குஞ்சத்தைக் கொடுத்து ஏற்றினேன். குஞ்சத்தோடு குனிந்தாள்.

ஒருநாள் சுதாவுக்குக் காய்ச்சல். அவள் இடத்தில் இசக்கி குந்தினாள், பின்னால் வேறு இரண்டு பேர் நின்றார்கள். அன்றைக்கு இசக்கி சொன்னதுதான் எல்லாவற்றையும் கிளப்பியது. விளையாட்டாகத்தான் சொன்னாள்.

“ஏட்டி பவானி, எனக்கு ஒரு நியாயம் சொல்லு. உன் தோளத் தொட்டுக் கும்பிடுதா. சுதா தோளத் தொட்டுக் கும்பிடுதா. என் தோளுக்கு மட்டும் மாடிப்படி ஏறுத மாதிரி ஏறிப் போறா. நான் என்ன மனுசி இல்லியா?”

எல்லோரும் சிரித்தார்கள். கலை சிரிக்கவில்லை. நான் அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாகக் கூட்டிப்போகப் பார்த்தேன்; இசக்கியும் பின்னாலேயே வந்தாள். கேட்டதற்குக் கலை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“எங்கம்மா சொல்லிச்சுக்கா. ஊர்ப் பொண்ணுங்க மேல கால் பட்டா ஒடனே தொட்டுக் கும்புட்டுடு, இல்லன்னா நாளைக்குப் பேச்சு வரும்னு. இசக்கிக்கா ஊர்ப் பொண்ணு இல்லியே. வாடகைக்குத்தானே கீறாங்க.”

“அப்ப வாடகைக்காரி தோளுன்னா மிதிக்கலாமாட்டி” என்றாள் இசக்கி. ஆனால் அவள் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டிருந்தது.

எங்கள் ஊரில் ஊர் தனி, காலனி தனி, நடுவில் ஒரு ரோடு. என் அம்மாவும் கலையின் அம்மாவும் ஒரே கம்பெனியில் ஒரே லைனில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வண்டிகளுக்கு ஒயர் கட்டினார்கள். ஒரே வாட்டர் கேனில் தண்ணீர் குடித்தார்கள். ஓ.டி. முடிந்தால் கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவார்கள். பஸ் எங்கள் ஸ்டாப்பில் நின்றதும் ஒருத்தி ரோட்டுக்கு இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். அதற்குமேல் பேச்சு கிடையாது. பஸ்ஸில் சாய்ந்துகொள்ளலாம், ரோட்டில் சாய்ந்துகொள்ளக் கூடாது. இதையெல்லாம் நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சின்னப் பெண் என் தோளில் நின்றுகொண்டு, கீழே விழுந்தாலும் பரவாயில்லை என்று குனிந்து கும்பிட்ட பிறகுதான் அது என்னவென்று உறைத்தது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரியும். அதனால் இப்போது கோபம் அதிகம்.

மைதானத்துக்குத் திரும்பி வந்து குந்தினேன். “கால குடு” என்றேன். தரவில்லை. நானே குனிந்து அவள் இடது காலைக் கையில் எடுத்தேன். பின்னால் நின்ற இரண்டு பேரும் அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்க, அந்தக் காலை நானே என் தோளில் வைத்து, கணுக்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அடுத்த கால் பக்கத்தில் குந்தியிருந்த இசக்கியின் தோளுக்குப் போனது.

“இப்போ கும்புடு, பாப்போம்.”

குனியவில்லை. அவளாகக் காலை வைத்தால்தானே கும்பிட வேண்டும், வைத்தது நான். முதல்முறையாக நிமிர்ந்து நின்றாள். அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது: அந்த வீடியோவில் இருந்த பெண்கள் அழகுக்காகக் காலைப் பிடிக்கவில்லை. பிடித்தால்தான் கால் ஆடாது. காலைத் தொடக் கூச்சப்பட்டுக்கொண்டு நாங்கள் இடுப்பில் கை வைத்து நின்றதால்தான் எல்லாமே ஆடிக்கொண்டிருந்தது.

காய்ச்சல் விட்டு வந்த சுதாவிடம் அடுத்த காலைப் பிடிக்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்தாள். இரண்டு விரலால், சூடான பாத்திரத்தைத் தொடுவது மாதிரி தொட்டாள். இறக்கிவிட்டதும் கையைச் சுடிதார் பேன்ட்டில் துடைத்தாள். நான் பார்த்தேன். கலையும் பார்த்தாள். அன்றைக்குச் சாயந்திரம் சுதா வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் பெரியம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். நிலம் விற்றபிறகு எங்கள் குடும்பத்தில் வேலைக்குப் போகாத ஒரே பொம்பளை அவள்தான். எல்லா வீட்டுப் பஞ்சாயத்துக்கும் அவளுக்கு நேரம் இருந்தது. மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு, கலை காதுபடவே பேசினாள்.

“கால் வெக்கறாங்கன்னு சொன்னப்போ, போனா போவுது, வெளையாட்டுன்னு வுட்டேன். இப்போ கைல வேற புடிக்கணுமாம். எம்பொண்ணு இன்னா, அவளுக்கு செருப்பு மாட்டி வுடறதுக்கா பள்ளிக்கூடம் வருது? சார், நீங்க வெளியூரு, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வேற சின்னப் பொண்ணே கெடைக்கலியா?”

“பார்த்துக்கலாம்மா” என்றார் கணக்கு சார். “மாத்திடலாம்.”

அந்த ‘மாத்திடலாம்’ இன்னும் என் காதில் இருக்கிறது. பல்பு மாற்றுகிற மாதிரி சொன்னார். பெரியம்மா சுதாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனபிறகு சார் என்னிடம் வந்தார். விழாவுக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, பிரச்சினை வேண்டாம், மேலே வேறு பெண்ணைப் போடு என்றார்.

“போட்டா நான் உக்கார மாட்டேன் சார்.”

“என்னது?”

“கீழ உக்கார மாட்டேன். மேல யார வேணா மாத்துங்க. கீழ யார மாத்துவீங்க?”

அவர் திரும்பி வரிசையைப் பார்த்தார். எல்லாம் துடைப்பக்குச்சிகள். ‘ரோடு ரோலர்’ என்று கூப்பிட்டார்களே, அந்த உடம்புக்கு அன்றைக்குத்தான் நான் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன். அடியில் நிற்பவள் மாட்டேன் என்றால் மேலே யாருமே இல்லை. சார் விசிலை வாயில் வைத்து, ஊதாமல் எடுத்துவிட்டு, ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டார்.

ஆனால் கலை அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவள் அம்மா பயந்து நிறுத்திவிட்டாள். நான் வீட்டில் போய் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லிக் கத்தினேன். ஷிப்ட் முடிந்து வந்து கால் வீங்கி உட்கார்ந்திருந்தவள், “ஒனக்கு ஏன்டி இந்த வேல. பெரியம்மாகிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கிறது” என்றாள். அதோடு விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் லைனில் நின்றுகொண்டு கலையின் அம்மாவிடம் என்ன சொன்னாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு பேருமே சொல்லவில்லை. ஆனால் அதற்கடுத்த நாள் கலை வந்தாள். அன்று காலையில் நான் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று சொன்னது மட்டும் தெரியும்:

“ஏத்தறது ஏத்தற. கீழ போட்டுடாத. அவ அம்மா மூஞ்சில நான் தெனம் முழிக்கணும்.”

விழா அன்று கம்பெனி மைதானத்தில் இறங்கினோம். நாங்கள் பார்த்தேயிராத பச்சைப் புல். தனியார் பள்ளிப் பிள்ளைகள் ஒரே நிறத்தில் பளபளவென்று உடை, காலில் ஷூ, கையில் கடையில் வாங்கிய குஞ்சம். நாங்கள் வெறுங்காலும் நீலக் கவரும். ஊர்சனங்களை ஏற்றிவரக் கம்பெனி பஸ் விட்டிருந்தது. பெரியம்மாவும் அதில் வந்து நிழலான இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சுதா இல்லாததால் இசக்கி கீழே குந்த வேண்டும். பின்னால் பிடிக்க நின்றவை இரண்டு துடைப்பக்குச்சிகள். அவை கலையைப் பிடிக்காது, அவளோடு சேர்ந்து விழும். எனக்குத் தெரியும். அம்மாவோ, கீழே போட்டுவிடாதே என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

எங்கள் பள்ளி பெயரைக் கூப்பிடுகிற நேரத்தில் சுதா மூச்சுவாங்க ஓடிவந்தாள்.

“அம்மா பிஸ்கட் குடுக்கற வரிசையில நிக்குது. சீக்கிரம் குந்து.”

“உங்கம்மா வுடாதேடி.”

“கைல தொடக்கூடாதுன்னுதான் சொல்லிச்சு. தோள்ல வெச்சிக்கக் கூடாதுன்னு சொல்லலியே.”

“பெரிய வக்கீலு” என்று சொல்லிவிட்டு இசக்கி பின்னால் போய் நின்றாள். “நில்லுட்டி, நல்லா காலூனி நில்லு.”

குந்தினோம். நான் கலையின் இடது காலை எடுத்துத் தோளில் வைத்துப் பிடித்தேன். வலது கால் சுதாவின் தோளுக்குப் போனது. சுதா சொன்னமாதிரியே இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். எழுந்தோம். நிமிர்ந்து நிற்கிறவளுக்குத் தலையைத் திருப்ப முடியாது, நேராகத்தான் பார்க்க வேண்டும். மேலே நடப்பதெல்லாம் கால் வழியாகத்தான் தெரியும். என் தோளில் இருந்த குதிகால் துடித்தது. கலையின் கனம் மெல்ல மெல்ல என் தோளைவிட்டுச் சுதாவின் பக்கமாகச் சாய்ந்தது. அவள் குனியப் போகிறாள். காலைக் கையால் பிடிக்காமல் நிற்கிற சுதாவின் தோளைத் தொட்டுக் கும்பிடப் போகிறாள். எத்தனை முறை அப்படி விழுந்திருக்கிறாள், எனக்கு அந்தச் சாய்வு மனப்பாடம். கத்தக்கூட முடியவில்லை. கணுக்காலை எலும்பு நோகும்படி அழுத்தினேன்.

சட்டென்று சாய்வு நின்றது. கனம் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்து இறங்கியது. குதிகால் துடிப்பது அடங்கிப் பலகையாகிவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது, ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது: சுதா பிடித்துவிட்டாள். இரண்டு விரலால் இல்லை, கை முழுவதாலும்.

மேலே இருந்து, அதுவரை பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பெண் அந்த மைதானமே அதிரும்படி கேட்டாள்: “எந்த ஊரு?”

நாங்கள் கத்தினோம். எங்கள் பஸ்ஸில் வந்த சனங்களும் சேர்ந்து கத்தினார்கள், ரோட்டுக்கு இந்தப் பக்கத்து ஆளும் அந்தப் பக்கத்து ஆளும், நாங்குநேரி ஆளும். நீலக் கவர் மழையாகப் பெய்தது. பிஸ்கட் வரிசையில் நின்ற பெரியம்மாவும் திரும்பிப் பார்த்தாளாம். அவள் கத்தினாளா என்று யாரும் சொல்லவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது மூன்றாம் பரிசு, ஆளுக்கு ஒரு டிபன் பாக்ஸ். சுதாவுக்கு வீட்டில் அடி விழுந்தது. பெரியம்மா அடுத்த பொங்கல்வரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அந்த ஒரு நாளால் ஊர் மாறிவிட்டது என்று எழுதினால் நான் பொய் சொல்கிறேன். ரோடு அப்படியே இருந்தது. அம்மாவும் கலையின் அம்மாவும் ஸ்டாப்பில் இறங்கி அவரவர் பக்கம்தான் போனார்கள். ஆனால் இறங்கும்போது ‘வரேன்’ என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள், அதை நான் கேட்டிருக்கிறேன். நாங்கள் கலையைக் கீழே போடவில்லை. எனக்கு அது போதும். என் வாழ்க்கையில் அதற்கப்புறம் வாங்கிய எந்தச் சர்டிபிகேட்டும் அந்த டிபன் பாக்ஸுக்கு ஈடில்லை.

இன்று அந்த மைதானத்தில் பாதி, கன்டெய்னர் லாரிகள் திரும்புகிற ரோடாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டி இருந்த இடம் எதுவென்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இசக்கி குடும்பம் திரும்பிப் போய்விட்டது. கலை அம்பத்தூர்ப் பக்கம் கல்யாணமாகி, ஒரு கம்பெனியில் லைன் லீடராக இருக்கிறாள் என்று கேள்வி. என் அணிப் பிள்ளைகளுக்குக் கீழே விரிக்கத் தடிமனான மெத்தை இருக்கிறது, மெத்தென்ற ஷூ இருக்கிறது. அந்தச் செம்மண் ஒட்டிய சொரசொரப்பு இவர்கள் யார் தோளுக்கும் தெரியாது. அதனால் முதல் நாள் வகுப்பில் எல்லோரையும் ஷூவைக் கழற்றச் சொல்கிறேன். ஆளுக்கு ஒருத்தி காலைக் கையில் எடுத்துப் பிடிக்க வேண்டும். வெறும் காலை. சில பெற்றோர் மேனேஜ்மென்டில் போய்ப் புகார் சொல்கிறார்கள். சில பேர் நாசூக்காக, “மேல ஏறுற பொண்ணு எந்த ஏரியா மேடம்?” என்று என்னிடமே கேட்கிறார்கள். எல்லாம் காணாமல் போயிற்று, இந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. பதிலாக நான் சொல்வதை இங்கே எழுத முடியாது.

போன மாதம் சுதா போன் பண்ணினாள். படப்பையில் இருக்கிறாள், அவள் மகள் என் அணியில்தான் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள்.

“எம்பொண்ண எங்கடி நிக்க வெச்சிருக்க?”

“கீழ.”

“மேல யாரு?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போற? உங்கம்மா மாரி கெளம்பி வரப் போறியா?”

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

“கத்தாதடி” என்றாள். “மேல யாரா இருந்தா எனக்கு இன்னா. அந்தப் பொண்ணு கால இவ கெட்டியா புடிக்கிறாளான்னு மட்டும் பாரு. நான் லேட்டாத்தான் புடிச்சேன்.”

மறுநாள் பயிற்சியில் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கெட்டியாகத்தான் பிடித்திருந்தாள்.